மாங்கூழுக்கு எச்.பி.எல்.சி போதுமா, எல்.சி.எம்.எஸ் வேண்டுமா?

கிருஷ்ணகிரி பக்கம் பெங்களூரா மாங்காய் இறங்க ஆரம்பித்தால், மாங்கூழ் எடுக்கும் பல்ப் கம்பெனி லேப்களில் கூடவே ஒரு பேச்சும் ஆரம்பித்துவிடும். இருக்கிற எச்.பி.எல்.சியை (கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்து, ஒளியை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று பார்க்கும் கருவி) வைத்தே பூச்சிமருந்து எச்சத்தையும் பார்த்துவிட முடியாதா, அதற்கென்று தனியாக அவ்வளவு காசு போட்டு எல்.சி.எம்.எஸ் (அதேபோல் பிரித்து, மூலக்கூறின் நிறையைப் பார்க்கும் கருவி) எதற்கு? என்னைக் கேட்டால், ஏற்றுமதிக் கூழின் எச்சத்தை எச்.பி.எல்.சியில் பார்ப்பது வீண் வேலை.

எச்.பி.எல்.சியைக் குறை சொல்லவில்லை. சர்க்கரை, சிட்ரிக் அமிலம், பென்சோயேட் எல்லாம் அதில் அழகாக வரும். கூழை அதிகம் சூடாக்கினால் உண்டாகும் எச்.எம்.எஃப்பை 284 நானோமீட்டர் ஒளியில் பார்க்கலாம். பூஞ்சைக்கு அடிக்கும் கார்பன்டாசிம் மருந்தும் ஏறக்குறைய அதே இடத்தில், 286 வாக்கில்தான் ஒளியை உறிஞ்சும். எச்.எம்.எஃப் பிரிக்கும் குழாயிலிருந்து (காலம், column) முன்னாலேயே வெளியே வந்துவிடும் என்பதால் அது தொல்லையில்லை. ஆனால் மாம்பழத்தின் பினாலிக் பொருள்கள் ஒரு கூட்டமாக 280 பக்கம் உறிஞ்சிக்கொண்டு பின்னாலேயே வரும், அந்த மேட்டுக்குள் கார்பன்டாசிம் பீக் (வரைபட முகடு) எது என்று சொல்ல யாராலும் முடியாது. அளவையும் யோசித்துப் பாருங்கள். தனி வரம்பு வைக்காத மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருப்பது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 215 கிலோ டிரம் ஒன்றில் மொத்தமே 2 மில்லிகிராம் சொச்சம்.

அயனியை வடிகட்டி, உடைத்து, மறுபடி வடிகட்டும் டிரிபிள் குவாட் எல்.சி.எம்.எஸ் இங்கேதான் ஜெயிக்கிறது. பொருள்களைப் பிரிக்கும் குழாய் கிட்டத்தட்ட அதேதான், கண்டுபிடிக்கும் விதம்தான் வேறு. கார்பன்டாசிமுக்கு என்றால், முதல் குவாட் 192 நிறையுள்ள அயனியை மட்டும் உள்ளே விடும், நடுவில் வாயுவோடு மோதி அது உடையும், கடைசிக் குவாட் 160, 132 என்ற இரண்டு துண்டுகளைத் தேடும். இரண்டும் வர வேண்டும், அவற்றின் விகிதம் ஸ்டாண்டர்டோடு (அளவு தெரிந்த சுத்தமான மருந்து) 30 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும், வெளிவரும் நேரமும் 0.1 நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது. அப்போதுதான் அது கார்பன்டாசிம். பூக்க வைக்க மரத்தடியில் ஊற்றுகிறார்களே கல்டார், அதிலுள்ள பேக்லோபியூட்ரசாலை 294-லிருந்து 70-க்கு உடைத்துப் பிடிக்கலாம். இமிடாகுளோபிரிட், தயமெத்தாக்சம் மாதிரி பூச்சிமருந்துகள் எல்லாமே ஒரே ஓட்டத்தில் வந்துவிடும்.

ஆனால் இதற்கும் ஒரு வியாதி உண்டு. கூழிலிருந்து கூடவே வரும் பொருள்கள் அயனியாவதை அமுக்கிவிடும், அதனால் சுத்தமான கரைப்பானில் போட்ட ஸ்டாண்டர்டை வைத்துக் கணக்குப் போட்டால் எச்சம் குறைவாகத்தான் தெரியும். மருந்தே படாத பழத்தின் சாற்றில் ஸ்டாண்டர்ட் போட்டு ஒப்பிட வேண்டும். அப்படி ஒரு பழத்துக்கு எங்கே போவது? வீட்டுக் கொல்லையில் கவனிப்பாரற்று நிற்கும் மரம்தான் லேப்காரனுக்குத் தங்கம். இன்னொன்று, மஞ்சள் நிறம் போகட்டும் என்று கிளீனப்பில் (சாற்றைச் சுத்தம் செய்யும்போது) கரித்தூளைத் தாராளமாகப் போடாதீர்கள். கார்பன்டாசிம் தட்டையான மூலக்கூறு, கரியில் ஒட்டிக்கொண்டு நிறத்தோடு அதுவும் போய்விடும்.

சரி, எல்.சி.எம்.எஸ் வாங்கியாச்சு, ஆவியாக்கிப் பிரிக்கும் ஜி.சி.எம்.எஸ் வேண்டாமா? வேண்டும். சைபர்மெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின் மாதிரி பைரித்ராய்டு வகைகளுக்கு ஜி.சிதான் வசதி. குளோர்பைரிபாஸ் இரண்டிலும் வரும், ஐரோப்பா 2020-இல் அதன் வரம்பை 0.01-க்கு இறக்கியதிலிருந்து வாங்குபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். நிறையை மிகத் துல்லியமாக அளக்கும் கியூ-டாஃப் பெயர் தெரியாத பொருளைத் துப்பறிய நல்லது, தினசரி எச்சச் சோதனைக்கு ஆடம்பரம்.

கல் வைத்துப் பழுக்க வைத்ததை எல்.சி.எம்.எஸ் காட்டிக்கொடுக்குமா என்றும் கேட்கிறார்கள். கார்பைடிலிருந்து வருவது அசிட்டிலின் வாயு, இந்த மிஷினில் பார்க்கும் சரக்கே அல்ல. பழுக்க வைக்கும் இன்னொரு மருந்தான எத்திபானைப் பார்க்கலாம், ஆனால் அது தண்ணீரோடு ஒட்டிப் போகும் ஜாதி, வழக்கமான அசிட்டோநைட்ரைல் பிரித்தெடுப்பில் வராது, அமில மெத்தனாலில் எடுத்துத் தனியாக ஓட்ட வேண்டும்.

சீசன் இரண்டு மூன்று மாதம்தான். அதற்காக நைட்ரஜன் ஜெனரேட்டர், ராத்திரி பகல் ஓடும் வாக்குவம் பம்ப், கரண்ட் போனால் தாங்கும் யு.பி.எஸ், மிஷினைக் கெடுக்கும் பாஸ்பேட் பஃபரை மறந்துபோய் உள்ளே விட்டுவிடாத ஆள் என்று எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பதைவிட, சின்ன கம்பெனிகள் சாம்பிளை பெங்களூருக்கோ சென்னைக்கோ என்.ஏ.பி.எல் (லேப்களைச் சோதித்து அங்கீகரிக்கும் இந்திய வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபுக்கு அனுப்புவதே மேல். அனுப்பும்போதே எந்தெந்த மருந்துகளைப் பார்ப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் எல்.ஓ.கியூ (நம்பி அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு) எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்.ஓ.கியூ 0.05 வைத்துக்கொண்டு ‘கண்டறியப்படவில்லை’ என்று வரும் ரிப்போர்ட்டை ஐரோப்பிய வாங்குபவர் திருப்பித்தான் அனுப்புவார்.