பாடசாலை லப்டொப்பில் பூட்டு இருக்கிறதா? ஃபெடோரா பென் டிரைவ் சோதனை: ஒரு மதிப்பீடு

திருகோணமலையில் பாவித்த லப்டொப் எடுக்கும்போது எல்லாரும் முதலில் பார்ப்பது பட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், திரையில் கோடு விழுந்திருக்கிறதா என்பதைத்தான். ஆனால் ஒரு மெஷினைக் கணினி ஆய்வுகூடத்தின் மூலையில் முடக்கிவிடக் கூடியது பயோஸுக்குள் (மெஷினைத் திறந்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) இருக்கும் பூட்டு. லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு பாடசாலை பாவித்துக் கழித்த லப்டொப், அந்தப் பாடசாலை போட்ட பூட்டோடேயே இங்கு வந்து இறங்கலாம். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் அது போகாது. அது இருப்பது மதர்போர்டில் உள்ள சிப்பில். ஹார்ட் டிஸ்க்கில் இல்லை.

அந்தப் பூட்டைத் தேடும் விதம் பின்னால் வருகிறது. மெஷினைக் காக்கும் பயோஸ் பூட்டுகளைச் சோதிக்க இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் இப்போதைக்கு நல்லது லினக்ஸில் வரும் எஃப்டபிள்யூஅப்டி; ஃபர்ம்வெயரை (பயோஸ் போல சிப்பில் இருக்கும் மென்பொருள்) சோதித்துப் புதுப்பிக்கும் கருவி அது. அதோடு எதையும் இன்ஸ்டோல் பண்ணத் தேவையில்லை. ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன் என்ற இலவச லினக்ஸை 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் எழுதி, அதிலிருந்தே மெஷினைத் திறந்தால் போதும். உள்ளே இருக்கும் விண்டோஸில் கை வைக்க வேண்டியதில்லை. எழுதுவதற்கு ஃபெடோரா மீடியா ரைட்டரோ ரூஃபஸோ சரிவரும். ஒருமுறை டவுன்லோட் செய்த பென் டிரைவை மூதூர், கிண்ணியா, குச்சவெளி என்று எந்தப் பாடசாலைக்கும் எடுத்துப் போகலாம், சோதனைக்கு இணைய இணைப்பு வேண்டாம்.

ஃபெடோராவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செக்யூர் பூட் என்பது நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை வைத்து மட்டுமே மெஷினைத் திறக்க விடும் பாதுகாப்பு; அது போட்டிருக்கும்போதே ஃபெடோரா திறக்கும். செக்யூர் பூட்டை நிறுத்தினால்தான் ஓடும் என்கிற கருவியை வைத்து, செக்யூர் பூட் இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. சிப்செக் என்ற கருவி இதைவிட ஆழமாகப் பார்க்கும். ஆனால் அதன் டிரைவரில் கையொப்பம் இல்லாததால் செக்யூர் பூட்டை நிறுத்த வேண்டி வரும். பிள்ளைகள் பாவிக்கும் மெஷினில் ஓட்ட வேண்டாம், சோதனைக்கென்று ஒதுக்கிய மெஷினில் மட்டும் ஓட்டுங்கள் என்று அதைச் செய்தவர்களே எச்சரிக்கிறார்கள். பாடசாலை வேலைக்கு அது பொருந்தாது. இன்னொன்று: பிட்லொக்கர் (டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் வசதி) போட்ட விண்டோஸ் மெஷினில் செக்யூர் பூட்டை மாற்றினால் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். சாவி கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஃபைல்கள் போனதுதான்.

செய்முறை சுருக்கமானது. பென் டிரைவைச் செருகி, டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 அழுத்தி பூட் மெனுவுக்குப் போங்கள். ஃபெடோரா திறந்ததும் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் டிவைஸ் செக்யூரிட்டி என்ற பக்கம் இருக்கும். விவரமாகப் பார்க்க விரும்பினால் டெர்மினலில் எஃப், டபிள்யூ, யூ, பி, டி, எம், ஜி, ஆர் என்ற எட்டு எழுத்தைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, செக்யூரிட்டி என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். எச்எஸ்ஐ 1, எச்எஸ்ஐ 2 என்று பாதுகாப்புப் படிகளாகப் பிரித்து வரிகள் வரும். செலரோன் மெஷினில் ஃபெடோரா மெதுவாகத்தான் திறக்கும். 4 ஜிபி ராம் உள்ளதில் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இந்த அறிக்கையை வாசிப்பதில்தான் பலர் தடுமாறுவார்கள். எஸ்பிஐ ரைட் என்ற வரியில் 'டிஸேபிள்ட்' என்று வந்தால் அது குறையில்லை. பயோஸ் சிப்பில் யாரும் சும்மா எழுத முடியாதபடி தடை இருக்கிறது என்பது பொருள். அதற்கு அடுத்த எஸ்பிஐ லொக் வரியில் 'எனேபிள்ட்' என்று வர வேண்டும்; போட்ட தடையை மறுபடி கழற்ற முடியாது என்று அது சொல்கிறது. பயோஸ் ரீஜன் வரியில் 'லொக்ட்' வர வேண்டும். ஆகவே எனேபிள்ட், டிஸேபிள்ட் என்ற சொல்லைப் பார்க்காமல், வரியின் முன்னால் இருக்கும் சரி அடையாளத்தையும் பிழை அடையாளத்தையும் மட்டும் பாருங்கள். அப்படியொரு விவரமே இந்த மெஷினில் கிடைக்கவில்லை என்று வரும் வரியைத் தோல்வியாகக் கணக்கெடுக்க வேண்டாம். பழைய ஏஎம்டி மெஷின்களில் அப்படியான வரிகள் கூடுதலாக வரும்.

பாடசாலைக்கு முதல் படி முழுதாகத் தேறினால் போதும். மூன்றாம், நான்காம் படிகளில் ராம் குறியாக்கம் போன்றவற்றைக் கேட்கும். மலிவான மாணவர் லப்டொப்பில் அந்த வசதி இராது. அங்கே சிவப்பைக் கண்டு மெஷினை ஒதுக்குவது வீண். முதல் படியில் கவனிக்க வேண்டிய வரி பிளாட்ஃபோர்ம் கீ. செக்யூர் பூட்டின் தலைச்சாவி அதுதான். 2024இல் பைனார்லி என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், பல தயாரிப்பாளர்கள் பயோஸ் செய்யும் ஏஎம்ஐ நிறுவனத்தின் மாதிரிச் சாவியை மாற்றாமல் அப்படியே விற்பனைக்கு விட்டதை வெளிப்படுத்தியது. அந்தச் சாவியின் பெயரிலேயே 'நம்ப வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அப்படியான மெஷினில் விண்டோஸ் செக்யூர் பூட் 'ஒன்' என்றுதான் காட்டும். எஃப்டபிள்யூஅப்டி அதைப் பிழையென்று காட்டிக்கொடுக்கும். இந்த ஒரு வரிக்காகவே அதை ஓட்டிப் பார்க்கலாம்.

இவ்வளவும் மெஷினைக் காக்கும் பூட்டுகள். உங்களை வெளியே நிறுத்தும் பூட்டுகளைப் பற்றி இந்தக் கருவி வாயே திறக்காது. அறிக்கை முழுக்கப் பச்சையாக வந்த லப்டொப்பிலும் ரொறன்ரோ பாடசாலையின் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் (பயோஸ் அமைப்புகளை மாற்ற விடாமல் பூட்டுவது) இருக்கலாம். கருவியின் பெரிய குறை இதுதான், அதனால் கையால் பார்க்க வேண்டிய சோதனைகளை முதலில் முடியுங்கள்.

டெல்லில் எஃப்2, திங்க்பேட்டில் எஃப்1, எச்பியில் எஃப்10 அழுத்தி பயோஸுக்குள் போங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் விடை தெரிந்துவிட்டது. கேட்காமல் திறந்தால் பூட்டு இல்லையென்று எடுத்துவிடக் கூடாது. சில மொடல்கள் பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ளே விடும். பார்க்கலாம், மாற்ற முடியாது. பூட் வரிசையை மாற்றிச் சேமித்துப் பாருங்கள். வரிகள் சாம்பல் நிறத்தில் கிடந்தால் பூட்டு இருக்கிறது. பயோஸைத் திறக்காமலும் இதை அறியலாம்: ஃபெடோராவில் சிஸ் கோப்புறைக்குள் கிளாஸ், அதற்குள் ஃபர்ம்வெயர் அட்ரிபியூட்ஸ் என்று ஓர் இடம் உண்டு. அங்கே தயாரிப்பாளரின் டிரைவர் பெயரில் இருக்கும் கோப்புறையைத் திறந்து, ஓதென்டிகேஷன், அட்மின் என்று உள்ளே போனால் (எச்பியில் அட்மினின் பெயர் வேறாக இருக்கும்) 'இஸ் எனேபிள்ட்' என்ற சின்ன ஃபைல் இருக்கும். அதில் 1 என்றால் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறது, 0 என்றால் இல்லை. இது ஓரளவு புதிய டெல், லெனோவோ, எச்பி மெஷின்களில்தான் வரும்.

பயோஸின் செக்யூரிட்டி பக்கத்தில் எப்ஸொலூட் அல்லது கொம்பியூட்ரேஸ் என்ற வரியையும் பாருங்கள். அது எக்டிவேட்டட் என்றிருந்தால், புது விண்டோஸ் போட்டாலும் ஃபர்ம்வெயர் தன் கண்காணிப்பு மென்பொருளைத் திரும்பவும் உள்ளே இறக்கும். பழைய உரிமையாளர் தூரத்திலிருந்தே மெஷினை முடக்கவும் முடியும். விண்டோஸ் ஓட்டோபைலட் பதிவு (மெஷினை ஒரு நிறுவனத்தின் கணக்கோடு கட்டி வைக்கும் மைக்ரோசொஃப்ட் பதிவு) இருந்தால் அதை இணையம் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. விண்டோஸை ரீசெட் செய்து, வைஃபை கொடுத்து, முதல் அமைப்புத் திரையில் வேறொரு பாடசாலையின் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். போனின் ஹொட்ஸ்பொட் போதும்.

குரோம்புக்கில் ஃபெடோரா பென் டிரைவ் வேலைக்கு ஆகாது. உள்நுழையும் திரையில் கன்ட்ரோல், ஓல்ட், ஷிஃப்ட், ஆர் நான்கையும் சேர்த்து அழுத்திப் பவர்வொஷ் செய்து (எல்லாவற்றையும் அழித்து) வைஃபையில் இணையுங்கள். நிறுவனக் கணக்கில் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் அது இன்னும் பழைய பாடசாலையின் மெஷின்தான். எத்தனை தடவை அழித்தாலும் அப்படியேதான் வரும்.

மதர்போர்டில் இருக்கும் சின்னப் பட்டரியைக் கழற்றினால் பாஸ்வேர்ட் போய்விடும் என்று கடைகளில் சொல்வதை நம்ப வேண்டாம். பழைய மேசைக் கணினிகளில் சரி; இப்போதைய லப்டொப்பில் நேரமும் திகதியும்தான் போகும். சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் மறந்தால் சிஸ்டம் போர்டை மாற்ற வேண்டும் என்று லெனோவோவின் கையேடே சொல்கிறது. சிப்பில் கிளிப் போட்டு மறுபடி எழுதித் தருவதாகச் சொல்பவர்களிடமும் கொடுக்காதீர்கள். 1.8 வோல்ட் சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தால் சிப் எரியும். பூட் கார்ட் (ஃபர்ம்வெயரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வசதி) உள்ள மெஷின் மாற்றி எழுதிய ஃபர்ம்வெயரை ஏற்காமல் இருட்டாகவே கிடக்கும்.

சரியான வழி, பெட்டி கப்பலில் ஏறமுன் கேட்பது. அனுப்பும் பழைய மாணவர் சங்கத்திடம் சீரியல் இலக்கப் பட்டியலை வாங்கி, கொடுத்த பாடசாலையின் ஐடி பிரிவிடம் நான்கு வேலையை முடித்துத் தரச் சொல்லுங்கள்: பயோஸ் பாஸ்வேர்டை நீக்குவது, எப்ஸொலூட் கணக்கிலிருந்து எடுப்பது, இன்டியூன் (மைக்ரோசொஃப்டின் மெஷின் நிர்வாகச் சேவை) மற்றும் ஓட்டோபைலட்டிலிருந்து அழிப்பது, குரோம்புக் என்றால் கூகுள் அட்மினில் டிப்ரொவிஷன் செய்வது (பதிவை நீக்குவது). நான்கும் அவர்களுக்குச் சில நிமிட வேலை. இங்கிருந்து யாராலும் செய்ய முடியாது. டவுன் கடையில் வாங்குவதென்றால் காசு கொடுக்கமுன் கடை மேசையிலேயே பயோஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

மெஷின் சுத்தமாக இருந்தால் முதலில் பயோஸ் அப்டேட்டைப் போடுங்கள். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்டே செத்துப்போகலாம், ஆகவே பட்டரி செத்த மெஷினை யூபிஎஸ் இல்லாமல் தொட வேண்டாம். இந்த அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்: 2011இல் வெளியிட்ட செக்யூர் பூட் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூனிலிருந்து முடிகிறது. புதிய 2023 சான்றிதழ் ஏறாத மெஷினும் திறக்கும், ஆனால் பூட் பகுதிக்கு இனி வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குக் கிடைக்காது. பிறகு பாடசாலையின் சொந்த சூப்பர்வைசர் பாஸ்வேர்டைப் போட்டு, யூஎஸ்பியிலிருந்து திறப்பதை நிறுத்தி, பாஸ்வேர்டை எழுதி உறையிலிட்டு அதிபரின் அலுமாரியில் வையுங்கள். ஐசிடி ஆசிரியர் இடமாற்றத்தில் போகும்போது அவரோடு பாஸ்வேர்டும் போய்விடக் கூடாது.