பின்னலுக்குக் கம்பளி நூலா, அக்ரிலிக் நூலா?

என் ஊசிகளில் இப்போது இரண்டு வேலைகள் பாதியில் நிற்கின்றன. கோத்தகிரியில் இருக்கும் அப்பாவுக்குக் கம்பளி மஃப்ளர், அக்கா குழந்தைக்கு அக்ரிலிக் என்னும் செயற்கை நூலில் ஸ்வெட்டர். எந்த நூல் வாங்குவது என்று தயங்குபவர்களுக்காக இது.

விலை: அக்ரிலிக் மலிவு. மெரினோ என்னும் ஆட்டினத்தின் நல்ல கம்பளி அதைவிடப் பல மடங்கு.

துவைப்பது: அக்ரிலிக்கை மெஷினில் போடலாம். ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் துவண்டுவிடும், பழைய நிலைக்கு வராது. கம்பளியை வெந்நீரில் கசக்கினால் சுருங்கித் தடித்துப்போகும். பதினைந்து நாள் பின்னிய என் முதல் தொப்பி அப்படித்தான் வீணானது, இன்னும் வருத்தம்தான். லேபிளில் ‘சூப்பர்வாஷ்’ (துவைத்தால் சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளி) என்றிருந்தால் அந்தப் பயம் குறைவு.

கதகதப்பு: கம்பளி தன் எடையில் சுமார் 30% ஈரத்தை உறிஞ்சினாலும் ஈரமாகத் தோன்றாது. அக்ரிலிக்கில் வேர்க்கும்.

வடிவம்: கம்பளியை நனைத்து, விரித்து, குண்டூசி குத்திக் காயவைத்தால் கோணல் கண்ணிகள்கூட ஒழுங்காகும். அக்ரிலிக் அவ்வளவு படியாது.

பழகும் கைகளுக்கும் தினமும் துவைக்கும் குழந்தைத் துணிக்கும் அக்ரிலிக் போதும். மலைக்குளிருக்கு, யோசிக்காமல் கம்பளி வாங்குங்கள். அப்பாவின் மஃப்ளரை மார்கழிக்குள் முடித்துவிட வேண்டும்.