சிகாகோ டைவ் பார்: பல வருஷப் பழக்கத்தில் தெரிவது

டைவ் பார் என்றால் பகட்டில்லாத, பழைய தெருமுக்கு பார். வாசலில் தொங்கும் ‘ஓல்டு ஸ்டைல்’ என்ற பீர் பிராண்டின் பலகைதான் சிகாகோவில் அதற்கு அடையாளம். அந்தப் பலகையைக் காசு கொடுத்து யாரும் மாட்டலாம். பராமரிப்பு வேறு சமாச்சாரம்.

முதலில் பீர் குழாய். இரண்டு வாரத்துக்கொரு முறை கழுவ வேண்டும். விட்டால் உள்ளே பாக்டீரியா படிந்து, பீரில் வெண்ணெய் வாடையோ காடிப் புளிப்போ ஏறும். சந்தேகமா, கேன் கேளுங்கள். ஓல்டு ஸ்டைல் கேனோடு, மலோர்ட் என்ற கசப்பு மதுவில் ஒரு ஷாட் வாங்கினால் அது ‘சிகாகோ ஹேண்ட்ஷேக்’. நிலவேம்புக் கஷாயம் பழகிய நாக்குக்கு அந்தக் கசப்பு ஒன்றுமில்லை.

அடுத்தது பின்பால், கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டை அடித்து ஆடும் காசு மெஷின். அதைச் செய்த காட்லீப், பாலி, வில்லியம்ஸ் மூன்றும் இந்த ஊர்க் கம்பெனிகள். ஊருக்குள் ஆட இருந்த தடை நீங்கியதோ 1970களில்தான். காசு போடுமுன் கண்ணாடி வழியே பாருங்கள்: பந்து ஓடும் தடமெல்லாம் கறுத்திருந்தால் துடைத்து நாளாயிற்று. ஃப்ளிப்பர் என்ற துடுப்பு அடித்த பந்து ரேம்ப் என்ற சரிவில் பாதி ஏறித் திரும்புகிறதா? துடுப்பை இயக்கும் மின்காந்தச் சுருளான காயிலுக்குள் இருக்கும் ஸ்லீவோ (உள்குழல்) இணைப்புத் துண்டோ தேய்ந்திருக்கும். ஆட ஆடத் தளர்ந்தால் காயில் சூடாகிறது.

பூல் டேபிள் 7 அடி, காசு போட்டு ஆடுவது. குழியில் விழுந்த வெள்ளைப் பந்து மட்டும் வெளியே வந்துவிடும். பழைய டேபிளில் அதைப் பிரித்தெடுக்க, மற்றவை 2¼ அங்குலம் இருக்க, வெள்ளையை 2⅜ அங்குலமாக வைத்திருப்பார்கள். கனமான பந்து, பின்னோக்கிச் சுழலும்படி அடித்தாலும் லேசில் திரும்பி வராது. குச்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த ஆட்டம் வேண்டுமானால் டேபிள் விளிம்பில் குவார்ட்டர்களை (25 சென்ட் நாணயம்) வரிசையில் வையுங்கள். ஜெயித்தவர் நிற்பார், காசு வைத்தவர் எதிர்ப்பார்.

வில்லைகளைத் தள்ளிவிட்டு ஆடும் நீளமான ஷஃபிள்போர்டுப் பலகை குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றில் காய்ந்து வளையும். வில்லைகள் நடுவுக்கோ ஓரங்களுக்கோ ஒதுங்கினால் கையில் பிசகில்லை. வளைவைச் சரிசெய்ய அடியிலுள்ள திருகுகளை யாரும் தொடவில்லை.

சாப்பாட்டில் எதிர்பார்ப்பு வேண்டாம். மெல்லிசான பீட்சாவைச் சதுரமாக வெட்டித் தருவார்கள். பல இடங்களில் அது ஃப்ரீசரிலிருந்து சின்ன ஓவனுக்குப் போவதுதான். நடுத்துண்டு சீக்கிரம் நமத்துவிடும், அதை முதலில் முடியுங்கள். ஓரத்துண்டு ஆறினாலும் மொறுமொறுப்பாக இருக்கும். ஹாட் டாக்குக்குக் கெச்சப் கேட்டால் ஒரு முறைப்பு கிடைக்கும், இந்த ஊரில் அது கூடாத காரியம்.

கார்டு வாங்காத கடைகள் உண்டு, மூலையில் நிற்கும் ஏடிஎம் தனிக் கட்டணம் பிடிக்கும். ஒரு பீருக்கு ஒரு டாலர் டிப்ஸ், குவார்ட்டராக வேண்டாம். அவை பூல் டேபிளுக்கு.