இன்ஜின் லைட் எரியுது, பிக்கப் இல்லை: டாங்கிளா, பட்டறையா, கம்பெனி சர்வீஸா?

ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் என் வண்டி படுத்துவிட்டது. படுத்தது என்றால் நின்றுவிடவில்லை, ஓடியது, ஆனால் இழுக்கவில்லை. இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தும் ஆர்பிஎம் முள் 2,500-ஐத் தாண்ட மறுத்தது, பின்னால் வந்த பஸ்காரர் ஹார்ன் அடித்தே என் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்தார். டேஷ்போர்டில் மஞ்சளாக இன்ஜின் லைட். 2014 மாடல் டர்போ டீசல், அதுவரை 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தேன். பிக்கப் திரும்பி வந்துவிட்டது, லைட் மட்டும் போகவில்லை. நான்கு வளைவு தாண்டியதும் பழைய கதை. இதைத்தான் லிம்ப் மோடு என்கிறார்கள். ஏதோ ஒரு அளவு சரியில்லை என்று கண்ட இன்ஜின் கம்ப்யூட்டர், பெரிய சேதம் வராமல் இருக்க டீசலைக் குறைத்துவிடும், வண்டி வீடு போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் ஓடும். சாவியை அணைத்துப் போட்டால் சில சமயம் விலகும், காரணம் அப்படியே இருப்பதால் மறுபடி வரும்.

இந்த ஒரு கோளாறுக்கு நான் மூன்று வழியையும் பார்த்துவிட்டேன்: கம்பெனி சர்வீஸ், ஓபிடி டாங்கிள் (ஓபிடி என்பது வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடிக்கும் ஏற்பாடு, அதில் மாட்டி விவரத்தைப் போனில் பார்க்கும் சின்னக் கருவிதான் டாங்கிள்), ஊர்ப் பட்டறை. மூன்றுக்கும் எனக்கு ஆன செலவும் கிடைத்த பதிலும் வேறு வேறு.

அதற்கு முன்னால் ஒன்று. எந்த வழி நல்லது என்று யோசிக்கவே நேரம் இல்லாத லைட்டுகள் உண்டு. சிவப்பில் ஆயில் கேன் படம் எரிந்தால் ஆயில் பிரஷர் இல்லை என்று அர்த்தம், அந்த இடத்திலேயே இன்ஜினை அணைக்க வேண்டும், "பக்கத்துப் பெட்ரோல் பங்க் வரைக்கும்" என்று ஓட்டினால்கூட பேரிங் போய்விடும். சிவப்பு டெம்பரேச்சர் லைட்டும் அப்படியே. சிவப்பு பேட்டரி லைட் என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, பேட்டரியில் மிச்சம் இருக்கும்வரை கொஞ்ச தூரம் ஓடும். ஆனால் அதே பெல்ட் வாட்டர் பம்ப்பையும் சுற்றும் வண்டியாக இருந்து பெல்ட்டே அறுந்திருந்தால் அதுவும் ஓடக்கூடாது. மஞ்சள் இன்ஜின் லைட் விட்டு விட்டு மினுக்கினால் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். மினுக்காமல் நின்று எரியும் மஞ்சளுக்குத்தான் மற்ற பேச்செல்லாம்.

முதலில் போனது கம்பெனி சர்வீஸுக்கு, பயம்தான் காரணம். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. ஸ்கேனரை மாட்டினார்கள், கோடு (கோளாறைக் குறிக்கும் code எண்) வந்தது: பி0299. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ தர வேண்டிய காற்றழுத்தம் வரவில்லை என்பது அதன் பொருள். அட்வைசர் உடனே, "டர்போ போயிடுச்சு சார், அசெம்ப்ளியாத்தான் மாத்தணும்" என்று அறுபதாயிரத்தை ஒட்டி ஒரு எஸ்டிமேட்டைக் கையில் கொடுத்தார். ஸ்கேன் சார்ஜ் தனி.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. பி0299 வருவதற்கான காரணங்களில் டர்போவும் ஒன்று. ஆனால் அந்தக் கோடு "அழுத்தம் வரவில்லை" என்கிறதே தவிர "டர்போவை மாற்று" என்று சொல்லவே இல்லை. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் ஒரு கீறல் இருந்தாலும் இதே கோடு, டர்போவைக் கட்டுப்படுத்தும் சின்ன வேக்கும் குழாய் கழன்றாலும் இதே கோடு, ஏர் ஃபில்டரை எலி கூடாக்கியிருந்தாலும் வரலாம். வண்டி சர்வீஸ் பேயில் (வேலை பார்க்கும் இடத்தில்) நின்றபடியே ஸ்கேன் ஆனது, யாரும் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. என் வண்டியின் வியாதியோ ஏற்றத்தில் மட்டும் வரும் வியாதி.

யோசித்துச் சொல்கிறேன் என்று எடுத்து வந்துவிட்டேன். அப்புறம்தான் 900 ரூபாய்க்கு ஒரு புளூடூத் டாங்கிள் வாங்கினேன்.

டாங்கிள் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பலர் இதை ஒன்று தெய்வமாக்குகிறார்கள் இல்லை பொம்மை என்று ஒதுக்குகிறார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 ஊசி கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும், அதில்தான் மாட்ட வேண்டும். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் காரிலும் இது கட்டாயம். நம் நாட்டில் 2010 ஏப்ரலில் பிஎஸ்-4 புகை விதிப்படி வந்த வண்டிகளுக்கு ஓபிடி முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. அதனால் 2013-க்குப் பிறகு வந்த வண்டி என்றால் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 2010-க்கு முந்தையது என்றால் சாக்கெட் இருந்தாலும் போன் ஆப் பேசுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும், யாரிடமாவது இரவல் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு போடுங்கள்.

கடையில் கிடைப்பதில் முக்கால்வாசி ஈஎல்எம்327 என்ற சிப்பின் நகல்தான். ஒரிஜினல் சிப்பைச் செய்த கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 2022-இல் கடையையே மூடிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அவர்கள் 1.5 என்று ஒரு வெர்ஷன் வெளியிட்டதே இல்லை, ஆனால் சந்தையில் "ஒரிஜினல் 1.5" என்றே விற்கிறார்கள். நகல்தான் என்று தெரிந்தே வாங்கலாம், வேலை நடக்கும். ஐபோன்காரர்கள் மட்டும் வைஃபை அல்லது புளூடூத் எல்ஈ வகை பார்த்து வாங்க வேண்டும். இன்னொன்று, சாக்கெட்டின் 16-ஆவது ஊசியில் சாவி அணைத்தாலும் பேட்டரி கரன்ட் வந்துகொண்டே இருக்கும், டாங்கிளை மாட்டியபடி ஒரு மாதம் ஊருக்குப் போனால் திரும்பி வந்து வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கோடு படிப்பது இதன் சின்ன உபயோகம். பெரிய உபயோகம் ஓடும்போது வரும் அளவுகள். மனைவியைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, போனை அவர் கையில் கொடுத்து (ஓட்டுகிறவர் போனைப் பார்க்கவே கூடாது, ஆப்பில் பதிவு செய்யும் வசதி இருக்கிறது), மேப் சென்சார் அளவை மட்டும் திறந்து வைத்தோம். அது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம். இன்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் போட்டால் வெளிக்காற்றின் அழுத்தம் வர வேண்டும்: கடலோரத்தில் 101 கிலோபாஸ்கல், பொள்ளாச்சியில் 98-ஐ ஒட்டி, ஊட்டியில் 77 அளவு. எனக்கு 98 வந்தது, ஆக சென்சார் ஒழுங்காக இருக்கிறது. சென்சார் மாற்றச் சொல்ல இருந்த ஒரு வாய் இதோடு அடைபட்டது.

பிறகு மூன்றாவது கியரில் ஏற்றத்தில் முழுதாக மிதித்தேன். நல்ல டர்போ டீசலில் அது 200-ஐ ஒட்டி ஏற வேண்டும். எனக்கு 130-இல் நின்றது, கூடவே பானட்டுக்குள்ளிருந்து டயரில் காற்று இறங்குவது போல ஒரு "புஸ்ஸ்". மறுபடி மிதித்தேன், மறுபடி 130, மறுபடி புஸ்ஸ். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது, எல்லாம் சாது போல இருந்தது.

இங்கே டாங்கிளின் எல்லை வந்துவிட்டது. காற்று எங்கேயோ கசிகிறது என்பதுவரை அது சொல்லும், எங்கே என்று சொல்லாது. குனிந்து பார்க்க ஆள் வேண்டும்.

பொள்ளாச்சியில் ஒரு பட்டறைக்குப் போனேன். அந்த மெக்கானிக் ஸ்கேனரைத் தொடவே இல்லை. நான் போனைக் காட்டி 130, 200 என்று ஆரம்பித்ததும் "சரிங்க, சத்தம் கேட்டுச்சுங்களா?" என்றார். புஸ்ஸ் என்றேன். வண்டிக்குக் கீழே கையை விட்டு இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கத்தைத் தடவி, கறுப்பு எண்ணெய் ஒட்டிய விரலை வெளியே நீட்டினார். "டர்போ இல்லீங்க, ஹோஸ் கிழிஞ்சிருக்குதுங்க. டர்போ காத்துல எப்பவும் கொஞ்சம் ஆயில் கலந்து வருமுங்க, கிழிஞ்ச எடத்துல மட்டும் ஈரமா இருக்கும் பாருங்க." கீறல் இரண்டு அங்குலம்கூட இருக்காது. வண்டி நிற்கும்போது மூடிக்கொண்டிருக்கும், அழுத்தம் ஏறும்போதுதான் வாயைத் திறக்கும். சர்வீஸ் பேயில் நிறுத்தி ஸ்கேன் போட்டால் எப்படித் தெரியும்? ஹோஸ், கிளாம்ப், லேபர் எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய்.

இதைப் படித்துவிட்டு "பட்டறைதான் பெஸ்ட்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் மச்சானின் 2015 பெட்ரோல் கார் இதற்கு நேர் எதிர் கதை. ஐடிலில் நடுக்கம், பிக்கப் இல்லை, லைட் மினுக்கல். வேறு ஊர், வேறு பட்டறை. ஸ்கேன் போட்டார்கள், பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றி, கோடை அழித்து அனுப்பினார்கள். பத்து நாளில் திரும்ப வந்தது. அடுத்து இன்ஜெக்டர் கிளீனிங், மறுபடி கோடை அழித்து அனுப்பினார்கள். நாலாயிரம் போனதுதான் மிச்சம்.

கடைசியில் வீட்டு வாசலில் வைத்து நாங்களே பார்த்தோம். இன்ஜின் ஆறியதும் இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இரண்டாவதில் போட்டு, ஓட்டினோம். இப்போது வந்த கோடு பி0303. காயிலோடு சேர்ந்து கோளாறும் இடம் மாறிவிட்டது, ஆக காயில்தான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இருக்கும் வண்டியில் இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது, ஒரு பத்து நம்பர் ஸ்பேனரும் டாங்கிளும் போதும்.

மினுக்கும் லைட்டோடு மச்சான் அந்த மூன்று வாரமும் ஓட்டினார், அது தப்பு. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும், உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு காயிலை மாற்றினாலும் பிக்கப் வராது. அவர் அதிர்ஷ்டம், அந்த அளவுக்குப் போகவில்லை.

கோடை அழிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் லைட் போய்விடும் என்று ஒரு நான்காவது வழியை ஊரெல்லாம் சொல்வார்கள். போகும்தான். ஆனால் கோளாறு நடந்த நொடியில் என்ன வேகம், என்ன ஆர்பிஎம், எவ்வளவு சூடு என்று கம்ப்யூட்டர் ஒரு போட்டோ மாதிரி பதிவு வைத்திருக்கும், அதுவும் சேர்ந்து போய்விடும். பட்டறைக்குப் போகும் முன் டாங்கிளில் கோடையும் அந்தப் பதிவையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு வேலைக்கே 900 ரூபாய் தகும்.

சரி, அறுபதாயிரம் எஸ்டிமேட் கொடுத்த கம்பெனி சர்வீஸுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, சில வேலைக்கு வேறு வழியே கிடையாது. காமன் ரெயில் டீசலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் அழுத்தத்தோடு டீசல் போகும் வகை) புது இன்ஜெக்டர் போட்டால், பல வண்டிகளில் அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும், என் டாங்கிளால் அது முடியாது. இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) சாவிப் பிரச்சினை, சாஃப்ட்வேர் அப்டேட், பி1 என்று ஆரம்பிக்கும் கம்பெனியின் சொந்தக் கோடுகள், ஒவ்வொரு வால்வையும் ஸ்கேனரிலிருந்தே இயக்கிப் பார்ப்பது, இதெல்லாம் அங்கேதான் நம்பிக்கையாக நடக்கும். நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் பெரிய தனியார் பட்டறைகளிலும் இதில் பாதி நடக்கும். அந்த ரெயில் குழாயில் பிரஷர் குறைவு என்ற கோடு, பி0087, வந்தால் முதலில் டீசல் ஃபில்டரை எங்கே வேண்டுமானாலும் மாற்றுங்கள், அது பலிக்காமல் பம்ப், இன்ஜெக்டர் என்று பேச்சு போனால் நான் பட்டறையில் பரிசோதனைக்கு விடமாட்டேன். கம்பெனிக்குப் போகும்போது மட்டும் ஒரு வார்த்தை: "என்னோடு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க" என்று டெக்னீஷியனையே கேளுங்கள், அட்வைசரிடம் சொல்லிவிட்டு வெயிட்டிங் ரூமில் போய் உட்காராதீர்கள்.

லைட்டே எரியாமல் பிக்கப் போவதில் மூன்று பேரின் ஸ்கேனரும் ஒன்றுதான், உபயோகம் இல்லை. நான்காவது கியரில் நாற்பதில் போய்க்கொண்டே முழுதாக மிதியுங்கள்: ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட். பிரேக் அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி நான்கு வீல் பக்கமும் கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம், ஒரு வீல் மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். இதற்கெல்லாம் பட்டறை போதும், சொல்லப்போனால் பட்டறைகூட வேண்டாம்.

ஆக என் கணக்கில், நின்று எரியும் மஞ்சள் லைட்டுக்கு முதலில் டாங்கிள், அந்தப் பதிவோடு ஓட்டிப் பார்க்கச் சம்மதிக்கும் பட்டறை, கம்ப்யூட்டரில் ஏதாவது எழுத வேண்டிய கட்டம் வந்தால் கம்பெனி. ஓட்டிப் பார்க்காமல் பார்ட்ஸ் பெயர் சொல்கிறவர் எந்த போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஹோஸ் மாற்றியதும் மெக்கானிக் கோடை அழிக்கப் போனார், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோளாறு உண்மையிலேயே போயிருந்தால், தொடர்ந்து மூன்று ஓட்டத்தில் பிழை வராதபோது கம்ப்யூட்டர் தானாகவே லைட்டை அணைக்க வேண்டும் என்பது ஓபிடி விதி. தினமும் ஆழியாறு வரை ஒரு நடை போய் வந்தேன், மிதித்தபோதெல்லாம் மேப் 200-ஐத் தொட்டது. நான்காம் நாள் காலை ஸ்டார்ட் செய்தபோது மஞ்சளைக் காணோம். மெக்கானிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். "அதுக்கு எதுக்குங்க மூணு நாள் டீசல், நான் ரெண்டு செகண்டுல அழிச்சுக் குடுத்திருப்பனே" என்று சிரித்தார்.