அனோரெக்ஸியாவுக்கு குடும்ப முறையா, தனி தெரபியா?

அனோரெக்ஸியான்னா எடை ஏறிடுமோன்னு பயந்து சாப்பாட்ட ரொம்ப கொறைச்சுக்கற மனநோய். இதுக்கு "வளர்ப்பு சரியில்ல, அதான் புள்ள சாப்பிட மாட்டேங்குது"ன்னு இன்னும் சொல்றாங்க, ஆனா 1980கள்லயே லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரில பெத்தவங்கள குத்தவாளியாக்காம அவங்க கையிலயே வைத்தியத்த குடுத்துட்டாங்க. எஃப்பிடின்னு பேரு (ஃபேமிலி பேஸ்டு ட்ரீட்மென்ட், அதாவது குடும்ப முறை). என்ன சாப்பாடு, எவ்ளோன்னு மொதல்ல பெத்தவங்கதான் முடிவு பண்ணுவாங்க, எடை ஏற ஏற பொறுப்பு புள்ளகிட்ட போகும். வேளாவேளைக்கு கூட உக்காரணும், அழுகை, சண்டை எல்லாம் வரும், லேசுப்பட்ட வேலை இல்ல.

இன்னொன்னு ஆக்ஸ்ஃபோர்ட்ல ஃபேர்பர்ன்ங்கற மனநல டாக்டர் கொண்டு வந்த சிபிடி-இ, தனி தெரபில ஒரு வகை. இதுல நோய் இருக்கவங்களே தெரபிஸ்ட்கூட உக்காந்து எண்ணம், பழக்கம் ரெண்டையும் மாத்தணும். எடை ரொம்ப கொறையலன்னா 20 செஷன், கொறைஞ்சிருந்தா 40 கிட்ட. புலிமியாவுக்கும் (அளவில்லாம சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்கற மாதிரி நோய்) இதான் (ஒல்லியா இருந்தாதான் இந்த மாதிரி சாப்பாட்டு நோய்னு நெனைக்காதீங்க, குண்டா இருக்கவங்களுக்கும் வரும்).

2010ல வந்த ஒரு அமெரிக்க ட்ரையல்ல, அனோரெக்ஸியா இருந்த 121 டீனேஜ் பசங்க, வைத்தியம் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு பாத்தா எஃப்பிடில பாதி பேர் தேறியிருந்தாங்க, தனி தெரபில கால்வாசிதான். அந்த தனி தெரபி சிபிடி-இ இல்ல, வேற வகை, அதனால நேரா ஒப்பிடக் கூடாது.

என்னைக் கேட்டா, 18க்கு கீழ, நோய் புதுசுன்னா குடும்ப முறை. பெரியவங்கன்னா சிபிடி-இ. மயக்கம் வருது, நாடி கொறையுதுன்னா ரெண்டும் அப்புறம், மொதல்ல ஆஸ்பத்திரி.