பெல் ஏர் மாடலுக்குக் குரோம்: ஃபாயிலா, பேனாவா?

1957 செவ்ரொலே பெல் ஏர் காரின் அழகே பக்கவாட்டுக் குரோம் பட்டையும், பின்பக்கம் அது விரியும் இடத்தில் இருக்கும் அலுமினியத் தகடும்தான். 1/25 அளவு பிளாஸ்டிக் மாடலில் அதைக் கொண்டுவர இரண்டு வழி.

பேர்-மெட்டல் ஃபாயில் பசையுள்ள மெல்லிய உலோகத் தாள். பெயின்ட் நன்றாகக் காய்ந்ததும் ஒட்டி, காது குடையும் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, ஓரத்தைப் புது பிளேடால் வெட்ட வேண்டும். பிளேடு மழுங்கினால் தாள் கிழியும், அதிகம் அழுத்தினால் பெயின்டில் கீறல் விழும். பொறுமை வேண்டும்தான். ஆனால் அந்தப் பளபளப்பு நிஜ உலோகத்தின் பளபளப்பு!

குரோம் போல் மின்னும் மை கொண்ட மோலோட்டோ குரோம் பேனா சுலபம். கதவுக் கைப்பிடி, சின்ன எழுத்துகளுக்கு அருமை. காய நாள்கணக்கில் ஆகும். மேலே கிளியர் கோட் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) அடித்தால் மங்கிவிடும்.

நீளப் பட்டைக்கு ஃபாயில்தான் என் தேர்வு. பேனாவில் அவ்வளவு கூர்மையான ஓரம் வராது.