பழைய மடக்குக்கத்தி: சாமான் கடைத் தட்டா, ஆன்டிக் கடைக் கண்ணாடிப் பெட்டியா?

பழைய மடக்குக்கத்திகள் பெரும்பாலும் இரண்டு வகைக் கடைகளில் கிடைக்கின்றன. காலி செய்த வீடுகளின் பொருள்களை மொத்தமாக வாங்கி விற்கும் பழைய சாமான் கடை ஒன்று. பொருளின் வயதையும் தயாரிப்பாளரையும் பார்த்து விலை குறிக்கும் ஆன்டிக் கடை மற்றொன்று. முன்னதில் மலிவாகக் கிடைக்கும், பின்னதில் நம்பி வாங்கலாம் என்பது பொதுவான எண்ணம். மலிவைப் பற்றிச் சொல்வது சரி; நம்பிக்கையைப் பற்றிச் சொல்வதை நான் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சாமான் கடையில் கத்தி, துருப்பிடித்த சாவிகளுக்கும் கரண்டிகளுக்கும் நடுவே ஒரு தட்டில் கிடக்கும். அதைத் திறந்துகூடப் பார்க்காமல்தான் கடைக்காரர் விலை சொல்வார். இந்த அலட்சியம் வாங்குபவருக்குப் பெரும் நன்மை, ஏனெனில் யாரும் கைவைக்காத கத்தி தன் வரலாற்றை அழிக்காமல் வைத்திருக்கிறது. அலகின் அடியில், பிடியோடு சேரும் இடத்தில், தயாரிப்பாளரின் முத்திரை இருக்கும். அமெரிக்காவின் கேஸ் கத்தி நிறுவனம் 1970-ஆம் ஆண்டு அந்த முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகளை இட்டு, அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் குறைத்து, 1979-இல் ஒரே புள்ளியில் கொண்டுவந்து நிறுத்தியது. ஆகவே எழுபதுகளின் முத்திரையில் ஆறு புள்ளிகள் தெரிந்தால் அது 1974-ஆம் ஆண்டுக் கத்தி. ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு சொட்டு எண்ணெயும் இருந்தால் கடையிலேயே நின்று இதைப் படித்துவிடலாம்.

ஆன்டிக் கடையில் அதே கத்தி பளபளவென்று கண்ணாடிக்குள் இருக்கும். எனக்குச் சந்தேகம் எழுவதும் அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான். எந்திரத்தில் வைத்து மெருகேற்றினால் துருவோடு சேர்ந்து எஃகும் தேய்கிறது; முத்திரையின் எழுத்துகள் ஆழமிழக்கின்றன; அலகைத் திறக்க நகம் வைக்கும் பள்ளத்தின் விளிம்பு கூர்மை இழந்து மழுங்குகிறது. கருஞ்சாம்பல் நிறம் படிந்த, தேய்க்கப்படாத அலகைச் சேகரிப்பாளர்கள் விரும்புவது இதனால்தான். மெருகேற்றிய கத்தியின் சிறிய அலகில் ஒரு முத்திரையும் பெரிய அலகில் வேறொரு முத்திரையும் இருந்தால், இரண்டு கத்திகளை உடைத்து ஒன்றாக்கியிருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டியிருக்கும்.

விலைச்சீட்டில் எழுதியிருக்கும் வயதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 1890-ஆம் ஆண்டின் அமெரிக்க வரிச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் அவை உருவான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று விதித்தது. அதனால் ஷெஃபீல்டு என்ற ஊர்ப் பெயரோடு இங்கிலாந்து என்றும் பொறித்த கத்தி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. நாட்டின் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து அதை முற்பட்டது என்றும் சொல்லிவிட முடியாது. விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் கத்தி நிறுவனத்தின் பெயர் 1921-இல்தான் உருவானது. அந்த முத்திரையுள்ள கத்தியை முதல் உலகப்போர்க் காலத்தது என்று யாராவது விற்றால் பேரம் பேசுவதில் பொருளில்லை.

கண்ணாடிப் பெட்டியிலேயே இன்னொரு கேடும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பல கத்திகளுக்குச் செல்லுலாய்டு என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக்கில் பிடி போட்டார்கள். அது நாளடைவில் சிதைந்து அமில ஆவியை வெளிவிடும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி தங்கி, அருகிலுள்ள நல்ல கத்திகளையும் அரிக்கிறது. பிடி சுருங்கி வெடித்து, அதை ஒட்டிய உலோகத்தில் மட்டும் பச்சையோ துருவோ படர்ந்திருந்தால், அந்தக் கத்தியை மட்டுமன்றி அதன் அண்டையில் இருந்தவற்றையும் திருப்பிப் பார்க்க வேண்டும். திறந்த தட்டில் காற்றோட்டமாகக் கிடக்கும் கத்திகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

அலகைத் திறந்து மூடி, ஸ்பிரிங் ‘டக்’கென்று பிடிக்கிறதா, அலகு பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பார்ப்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆன்டிக் கடையில் அனுமதி கேட்க வேண்டும், அவ்வளவே.

ஆன்டிக் கடையை நான் தேடிப் போவது இரண்டு பொருள்களுக்காக. ஒன்று, பழம் நறுக்குவதற்கான வெள்ளி அலகுள்ள கத்தி: அதன் தர முத்திரையில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து இருப்பதால் வயதில் வாதத்துக்கு இடமில்லை, ஷெஃபீல்டு வெள்ளியில் 1974 வரை கிரீடமும், 1975 முதல் ரோஜாவும் அடையாளம். மற்றொன்று, தந்தப் பிடி. எலும்பில் பூதக்கண்ணாடிக்குத் தெரியும் நுண்ணிய கரும்புள்ளிகள் தந்தத்தில் இரா. ஆனால் தந்தம் என்று கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. பல நாடுகளில் தந்தத்தை வாங்கவும் விற்கவும் கடும் கட்டுப்பாடு உண்டு. தேவையான ஆவணங்களைச் சாமான் கடையில் எதிர்பார்க்க முடியாது. ஆன்டிக் கடைக்காரரிடம் பணத்தை எடுப்பதற்கு முன்பே அவற்றைக் கேட்க வேண்டும். அவர் தயங்கினால் கத்தியைப் பெட்டியிலேயே வைத்துவிடலாம்.